தண்ணி நல்லாருக்கு!

அத்தியாயம் 14

சொலான்ஜின் கையில் இன்னமும் பின்வாசல் கேட்டுச் சாவி இருக்கிறது என்பது போன வாரம் தெரிய வந்ததிலிருந்து கிலேனுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

நோர்மானோடு இந்த வீட்டில் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள் கிலேன். அவனுக்கு வாழ்க்கைப்பட்டு, பிறகு விட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளிக் குடிபோனவள் சொலான்ஜ். போனவளிடம் சாவி எதற்கு?

"ஆத்திர அவசரத்துக்கு யார்கிட்டயாவது ஒரு சாவி இருக்கணுமில்ல?" என்று நோர்மான் சொல்லிவிட்டான். அவனிடம் எதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமே என்று கிலேன் பனிக்காலத்தில் கேட்டால், "முதல்ல குளத்தைத் திறப்போம், அப்புறம் பேசலாம்" என்பான். கோடையில் கேட்டால், "குளத்தை மூடிட்டுப் பேசலாம்" என்பான். கியூபெக்கின் லாவால் ஊரில் அவர்கள் தெருவில் பாதிப் பேர் தாலியும் இல்லாமல் மோதிரமும் இல்லாமல் பேரன் பேத்தி எடுத்தவர்கள்தான். யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனாலும் கிலேனுக்கு அந்த மோதிரம் வேண்டியிருந்தது. குளியலறையில் துண்டு மாட்டுகிற கொக்கிகூட சொலான்ஜ் அடித்ததாக இருக்கிற வீட்டில், வேறு எதைக் காட்டி இது என் வீடு என்பது?

எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் குளம்.

கொல்லையில் தரைக்கு மேல் நெஞ்சளவு நிற்கிற பெரிய வட்டத் தொட்டி அது. பனிக்காலத்துக்குக் கவர் போட்டு மூடி, கோடைக்குத் திறக்கிற நீச்சல் தொட்டி. அதை வாங்கியது சொலான்ஜ். ஒவ்வொரு மே மாதமும் மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வருமே, அந்த வாரம் சொந்த ரப்பர் பூட்ஸோடு வந்து அதைத் திறந்து வைப்பதும் சொலான்ஜ்தான். திறந்ததும், நேற்றுவரை ஐஸாகக் கிடந்த தண்ணீரில் முதல் ஆளாகக் குதித்து, பல் கிட்டிப்போகிற குளிரில் தலையைத் தூக்கி, "தண்ணி நல்லாருக்கு!" என்று கூவுவாள். பச்சைப் பொய். அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே நம்பி எல்லோரும் குதிப்பார்கள், குதித்து அலறுவார்கள். அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்குத்தான் கோடை பிறக்கும். கிலேன் துண்டுகளை ஏந்திக்கொண்டு கரையில் நிற்பாள்.

போன வருஷம் குளத்தை மூடிய பிறகு, கொட்டகையில் குளத்துச் சருகை அள்ளுகிற, சொலான்ஜின் பெயர் பொறித்த நீண்ட வலைக்கோல் ஒன்று கண்ணில் பட்டது. கிலேனுக்கு எங்கிருந்தோ பற்றிக்கொண்டு வந்தது. அதை எடுத்துப் போய் மேல்மாடத்திலிருந்து ஈட்டி மாதிரி குளத்தைப் பார்த்து வீசினாள். அப்போது அது எவ்வளவு சுகமாக இருந்தது! இன்றைக்கு அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, வருகிறேன்.

சனிக்கிழமை விடிகாலை. நோர்மான் மீன் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"சாயங்காலம் வந்துருவேன். மரிலூவும் குழந்தையும் அப்பதான் வர்றாங்க. நாளைக்குக் காலைல சொலான்ஜ் வந்து குளத்தைத் திறந்துருவா" என்றான் பூட்ஸ் கயிற்றைக் கட்டியபடி.

"நான் திறக்கக் கூடாதா?"

நோர்மான் சிரித்தான். கெட்ட மனிதன் இல்லை அவன். ஆனால் சிரித்தான். "உனக்கு எதுக்கு அந்த வேலை? அது அவளுக்குத்தான் படியும். நீ ஒண்ணையும் தொடாம இரு."

வண்டி தெருமுனை திரும்பும்வரை கிலேன் ஜன்னலிலேயே நின்றாள். அவளுக்குத்தான் படியுமாம். குளமா, குதிரையா?

மரிலூ நோர்மானுக்கும் சொலான்ஜுக்கும் பிறந்த பெண். அவளுடைய பள்ளிக்கூடக் கடைசி வருஷங்களிலிருந்து பிரசவ அறைவரை கூட நின்றவள் கிலேன். அவளுடைய குட்டி ரோமிக்கு இது முதல் கோடை மாதிரிதான். போன வருஷம் கைக்குழந்தை. இந்த வருஷம் முதல் முறையாகத் தண்ணீரில் கால் வைக்கப் போகிறாள். யார் கையைப் பிடித்துக்கொண்டு? அந்தக் கேள்விதான் கிலேனை ஒரு வாரமாக அரித்துக்கொண்டிருந்தது. குளத்தில் முதலில் இறங்குகிறவள்தான் குழந்தையைக் கை நீட்டி வாங்குவாள். இந்தத் தடவை அது நானாகத்தான் இருக்க வேண்டும்.

காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

குளத்தின் மேல் போர்த்தியிருந்த கறுப்புக் கவரில் பனி உருகின தண்ணீர் தேங்கி, மேப்பிள் சருகு ஊறி, தேநீர் நிறத்தில் நாறியது. முதல் வேலை அதை இறைப்பது. அவ்வளவு தெரியும் அவளுக்கு. சின்ன மோட்டாரைக் கவரின் நடுவில் இறக்கி, ஹோஸை வேலி வழியே தெருவில் விட்டு, ஸ்விட்சைத் தட்டினாள். மோட்டார் உறுமியது. ஹோஸ் துள்ளியது. கிலேனுக்குக் காற்றில் மிதப்பது போல் இருந்தது. இதற்காகவா இத்தனை வருஷம் அவளுக்குத் தாம்பாளம் பிடித்தோம்?

தேவதாருப் புதர் வேலிக்கு மேலே ஒரு தொப்பி எழும்பியது. பக்கத்து வீட்டு கயெத்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். இப்போது தெருவை ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

"என்ன கிலேன், சொலான்ஜ் வரலையா?"

"எதுக்கு வரணும்?"

"இல்ல, குளம் திறக்கிறியே..."

"என் வீட்டுக் குளம் கயெத்தான். நான் திறக்கிறேன்."

"சரிதான் சரிதான்" என்று தொப்பி இறங்கியது. பிறகு மறுபடி எழும்பியது. "அவ இருந்தா எனக்கும் ஒரு கிளாஸ் பீர் குடுப்பா."

கிலேன் உள்ளே போனாள். சாயங்காலத்துக்கு மக்ரோனி சாலட் பண்ண வேண்டும், முட்டை அவிக்க வேண்டும். வெங்காயம் நறுக்கும்போது மரிலூ போனில் கூப்பிட்டாள்.

"கிலேன், ரோமிக்கு நீச்சல் உடுப்பு நாளைக்குப் போதும்தானே? அம்மா நாளைக்குத்தானே வர்றாங்க?"

"இன்னைக்கே எடுத்துட்டு வா. குளம் சாயங்காலத்துக்குள்ள திறந்துரும்."

"அம்மா இன்னைக்கே வந்துட்டாங்களா?"

"நான் திறக்கிறேன்."

"நீயா?"

ஒரு வார்த்தைதான். மரிலூ தங்கமான பெண், மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் கிலேன் அடுத்த வெங்காயத்தை நறுக்கின நறுக்கில் பலகையே பிளந்திருக்கும்.

சாலட் முடிந்தது, முட்டை ஆறியது, கிலேன் குளித்து நீச்சல் உடையைக்கூட உள்ளே போட்டுக்கொண்டாயிற்று. மோட்டார் மட்டும் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. பனிக்காலம் முழுக்கப் பெய்ததாயிற்றே, நேரமாகும்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கதவைத் தட்டினான் கயெத்தான். இந்தத் தடவை தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.

"கிலேன், தெருவுல ஆறு ஓடுது. பாத்தியா?"

"கவர்ல இருந்த தண்ணி."

"கவர்ல இருந்தது காலைலயே தீந்திருக்கும்மா. இப்ப வர்றது பளிங்கு மாதிரி இருக்கு. நீ குளத்தையே இறைச்சுக்கிட்டு இருக்கே!"

கிலேன் ஓடினாள். ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தாள். காலையில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே இருந்த கவர் இப்போது ஆழத்தில் பள்ளமாகத் தொங்கியது. மோட்டாருக்குப் பக்கத்தில், கவரில், ஒரு ஓட்டை. அது வழியாகக் குளத்துத் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்துகொண்டிருந்தது. மோட்டார் பாவம், வந்ததையெல்லாம் விசுவாசமாகத் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

ஓட்டை வட்டமாக இருந்தது. ஒரு வலைக்கோலின் பருமனுக்கு.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். குளத்தின் உள்பக்கம் விரித்திருந்த நீலப் பிளாஸ்டிக் சுவரை விட்டுக் கழன்று சுருங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நோர்மான் வருவான், மரிலூ வருவாள், ரோமி நீச்சல் உடுப்போடு வருவாள். "அம்மா இருந்திருந்தா" என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதுதான் இன்னும் மோசம்.

"சொலான்ஜைக் கூப்பிடு" என்றான் கயெத்தான் மெதுவாக.

"செத்தாலும் கூப்பிட மாட்டேன்."

"அந்தப் பிளாஸ்டிக் வெயில்ல காஞ்சா கிழிஞ்சுரும். அப்புறம் இந்த வருஷம் குளமே இல்ல."

கிலேன் வெயிலைப் பார்த்தாள். ஒரு வருஷமாக இல்லாத வெயில் அன்றைக்குத்தான் அடித்தது. போனை எடுத்தாள்.

அவர்கள் ஊரில் அறிமுகமான ஐந்தாவது நிமிஷம் எல்லோரும் 'நீ'தான். டாக்டர் 'நீ', மேயர் 'நீ'. கிலேன் மட்டும் சொலான்ஜைப் பதினோரு வருஷமாக 'நீங்க' என்றே கூப்பிட்டு வந்தாள். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம், அது அவள் போட்ட வேலி.

"நான் கிலேன் பேசறேன். உங்களுக்கு இப்ப... நீங்க கொஞ்சம் வர முடியுமா?"

சொலான்ஜ் வந்தாள். கேட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டதும், அந்த நிலைமையிலும் கிலேனுக்குக் காந்தியது. வந்தவள் நரைத்த முடியைச் சாயம் பூசாமல் விட்டிருந்தாள், அதுவும் அவளுக்கு அழகாகவே இருந்தது. எரிச்சல்!

சொலான்ஜ் ஏணியில் ஏறிப் பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள். கவரை ஓரத்திலிருந்து இழுத்து, அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது எப்படி ஆச்சு?"

"ஐஸ் கிழிச்சிருக்கும்."

"ஐஸ் காம்பஸ் வச்சா கிழிக்கும்? இவ்வளவு வட்டமா!" திரும்பிக் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். "என்னோட வலைக்கோல் எங்க?"

கிலேனின் காது மடல் சிவந்தது. சொலான்ஜ் ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டு, வந்த சிரிப்பை இருமலாக்கிக்கொண்டாள்.

"சரி, அந்தப் பக்கம் பிடி. முதல்ல கவரை எடுக்கணும்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். சருகும் சேறும் பாதி புல்லிலும் பாதி அவர்கள் மேலும் கொட்டியது. உள்ளே முழங்காலளவு தண்ணீர்தான் மிச்சம். சொலான்ஜ் ஹோஸைக் குழாயில் மாட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"இன்னும் கிழியல. யாராவது உள்ள இறங்கி, இந்தச் சுருக்கத்தையெல்லாம் காலால சுவரோரமா தள்ளிக்கிட்டே சுத்தி வரணும். தண்ணி ஏற ஏற அதுவே ஒட்டிக்கும்." பூட்ஸோடு ஏணியில் கால் வைத்தாள்.

"நில்லுங்க. நான் இறங்குறேன்."

"ஐஸா இருக்கும். பூட்ஸ் வேணுமா?"

"வேண்டாம். உங்க பூட்ஸ் எனக்கு வேண்டாம்."

வெறுங்காலோடு இறங்கினாள். எலும்புவரை ஏறிய குளிரில் கத்தல் தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். அவள் பார்க்கக் கத்துவதா? பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரமாக நடக்கத் தொடங்கினாள். சொலான்ஜ் விளிம்பில் கைகளை ஊன்றி, "அங்க ஒரு மடிப்பு... இன்னும் கொஞ்சம்... சபாஷ்" என்று வெளியே கூடவே நடந்தாள்.

இரண்டாவது சுற்றில் சொலான்ஜ் பெருமூச்சு விட்டாள்.

"நல்லவேளை இன்னைக்கே கூப்பிட்டே. காலைலேர்ந்து செர்ஜ் ஒரே சண்டை. இந்த வருஷமாவது கையெழுத்து வாங்கிட்டு வருவியா, இல்ல குளத்தைக் கழுவிட்டு வருவியான்னு."

செர்ஜ் அவளோடு இருப்பவன், மரவேலைக்காரன்.

"எதுல கையெழுத்து?" என்றாள் கிலேன்.

"விவாகரத்துலதான். வேற எதுல?"

கிலேனின் கால் அப்படியே நின்றது.

"உங்களுக்கு விவாகரத்து ஆகலையா?"

சொலான்ஜின் முகம் மாறியது. "உனக்குத் தெரியாதா? ஐயோ. நோர்மான் சொன்னான்னுல்ல நினைச்சேன்! அதனாலதான் என் மேல கோவமா, 'நீங்க நீங்க'ன்னு ஈட்டியால குத்துறேன்னு..."

"சொல்லுங்க."

"சொல்ல என்ன இருக்கு? செர்ஜ் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். நான் நோர்மான்கிட்ட வக்கீலைப் பாக்கலாம்னு கேட்டா, 'முதல்ல குளத்தைத் திறப்போம், அப்புறம் பேசலாம்'னான். சரின்னு வந்தா மோட்டாரைத் தூக்கிக் கையில குடுப்பான். சாயங்காலம் கேட்டா, 'குளத்தை மூடிட்டுப் பேசலாம்'."

அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறாமல் அதே வார்த்தை!

"நேரா கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே?"

"போயிருக்கலாம். மரிலூ சின்ன வயசுல பாத்த சண்டை போதும்னு விட்டேன். அப்புறம் அவன் மூஞ்சியைப் பாத்தா பாவமா இருக்கும். நான் போன அன்னைக்கு இந்தப் புல்லுல உக்காந்து அழுதான், தெரியுமா?"

தெரியாது. கிலேனுக்கு எதுவும் தெரியாது.

"அப்ப சாவி?"

"சாவியை நானா கேட்டேன்? எத்தனையோ தடவை திருப்பிக் குடுத்துட்டேன். 'இருக்கட்டும், வச்சுக்கோ'ன்னு அவன்தான் என் கோட்டுப் பையில போடுவான்."

பதினோரு வருஷமாகக் கிலேன் ஒரு வாசலைக் காவல் காத்திருக்கிறாள், இவள் உள்ளே வந்துவிடக் கூடாது என்று. இவளோ வெளியே போவதற்குத்தான் வருஷம் இரண்டு தடவை வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது அவன்.

நிம்மதி வர வேண்டிய இடம். வரவில்லை. முன்னைவிட மோசமாக எரிந்தது. என்னை யார் அப்படி இழுத்துப் பிடித்தார்கள்? நான் நாளைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் நோர்மான் புல்லில் உட்கார்ந்து அழுவானா, இல்லை எனக்கும் ஒரு சாவியைக் கொடுத்து வழியனுப்புவானா? அழகைப் பார்த்துப் பொறாமைப்பட்டாயிற்று, வலைக்கோலைப் பார்த்துப் பொறாமைப்பட்டாயிற்று. இப்போது அந்த அழுகையைப் பார்த்தும் பொறாமைப்பட வேண்டியிருக்கிறதே!

"நீ..." என்றாள் கிலேன். வேலி எப்போது விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "நீ நிஜமாவே செர்ஜைக் கட்டிக்கப் போறியா?"

"விட்டா இன்னைக்கே."

"என்கிட்டயும் அதையேதான் சொன்னான், சொலான்ஜ். நான் கல்யாணம் கேட்டப்ப. குளத்தைத் திறப்போம், குளத்தை மூடுவோம்."

சொலான்ஜ், "அடப்பாவி" என்றாள். கெட்ட வார்த்தைகள் அதற்குப் பின்னால் வந்தன. கியூபெக்கில் கெட்ட வார்த்தையெல்லாம் மாதா கோவில் சாமான்களின் பெயர்தான். சொலான்ஜ் ஒரு கோவிலையே காலி பண்ணினாள். வேலிக்கு அந்தப் பக்கம் கயெத்தானின் தொப்பி மெல்லத் தாழ்ந்தது.

தண்ணீர் தொடையைத் தொடும்போது வாசலில் வண்டி நின்றது. பின்னாலேயே மரிலூவின் வண்டியும்.

நோர்மான் மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தான். "ட்ரௌட்டு மீன் பாரு, கையளவு..." என்று ஆரம்பித்தவன் நின்றுவிட்டான். புல்லெல்லாம் சேறு. கவர் ஒரு மூலையில் செத்த திமிங்கலம் மாதிரி கிடந்தது. குளத்தில் பாதித் தண்ணீர், அதில் கிலேன். வெளியே, தலையில் மேப்பிள் சருகோடு சொலான்ஜ்.

"நாளைக்குத்தானே..." என்றான். "யாரு திறந்தது?"

இடுப்பில் ரோமியோடு வந்த மரிலூ தன் அம்மாவைப் பார்த்தாள். அந்தக் கூவலுக்காகத்தான் பார்த்தாள். நோர்மானும் சொலான்ஜைத்தான் பார்த்தான். எல்லா வருஷமும் அப்படித்தானே?

சொலான்ஜ் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கிலேனைப் பார்த்தாள்.

கிலேனுக்கு இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சை இழுத்தாள்.

"தண்ணி நல்லாருக்கு!"

குரல் நடுங்கியது, ஆனால் தெருமுனைவரை கேட்டது. ரோமி கையைத் தட்டினாள். மரிலூ சிரித்துக்கொண்டே ஓடி வந்து குழந்தையை நீட்டினாள். "சும்மா காலை மட்டும் நனை கிலேன், எடுத்துரலாம்." கிலேன் கை நீட்டி வாங்கினாள். அந்தக் குட்டிப் பாதங்கள் தண்ணீரில் பட்டதும் ரோமி வீல் என்று கத்தி, கிலேனின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

ஒரு வாரம் ஏங்கிய கணம். அதைக்கூட முழுசாக அனுபவிக்க முடியவில்லை அவளால். குழந்தையின் தலைக்கு மேலாக நோர்மானைப் பார்த்தாள்.

"நீயும் இறங்கு நோர்மான்."

"துணியெல்லாம்..."

"துணியோடவே இறங்கு. குளம் திறந்தாச்சு. பேசலாம்னு சொன்னியே."

"என்ன பேசணும் இப்ப? குழந்தை வந்திருக்கா..."

"என்கிட்டயும் சொன்னே" என்றாள் சொலான்ஜ். "நானும் அதுக்குத்தான் நிக்கிறேன்."

சிரித்து மழுப்பப் பார்த்த நோர்மான் பாதியில் நிறுத்தினான். மரிலூ ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தாள். "என்னம்மா? என்ன ஆச்சு?"

சொலான்ஜ் கோட்டுப் பையில் கையை விட்டு, பின்வாசல் சாவியை எடுத்துக் குளத்தின் விளிம்பில் வைத்தாள். ஈர விளிம்பில் அது மெல்ல வழுக்கியது.

அது விழுந்துவிடுமே என்று நோர்மான் எட்டிப் பிடித்தான். பிடித்த கை, யோசிக்காமல், பழகின வழியிலேயே நீண்டது, கிலேனைத் தாண்டி, சொலான்ஜின் கோட்டுப் பைக்கு.

"இருக்கட்டும், வச்சு..." என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மிச்ச எழுத்தை அவன் விழுங்கினான். கை மட்டும் சாவியோடு அந்தரத்தில் நின்றது. இரண்டு பெண்களும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.